சயான் தூக்கல்

உலகத்தில் சயான் நிறத்தை உள்ளபடி அறிந்தவர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் நான். மூன்றாவது ஆள் மீன்கொத்தி.

சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். மீன்கொத்திக்கு அந்த அளவுக்கு விவரம் போதாது.

ஆனால் அந்த மூவரில் என் தங்கை வீட்டுக்காரர் இல்லை என்பதில் துளி மிகையும் கிடையாது. அவருடைய வாழ்க்கையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் பேனாவைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தன்னைத் தானே பெரிய மனிதர் என்று நியமித்துக்கொண்டவர்களை யார் எழுதுவது? பக்கத்து நாற்காலியில் மைக்காரி இருக்கிறாள். நான் ஒவ்வொரு தாளாக எழுதி நீட்ட, அவள் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு படிக்கிறாள். அவளும் நானும் மாப்பிள்ளையும் ஒரே அச்சகத்தில் இருந்தவர்கள். நான் எழுத்துப்பிழை பார்ப்பவள். அவள் மை கலப்பவள். மாப்பிள்ளை கலர் மாஸ்டர். தங்கை புருஷன் வயதில் சிறியவரானாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே. மரியாதையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே திட்டுகிறேன்.

முதலில் சயான். பெயர்தான் அயலூர்; ஆளை எல்லோருக்கும் தெரியும். மயிலின் கழுத்தில் நீலமும் பச்சையும் சண்டை போட்டு, கடைசியில் ராசியாகிப் போகிற இடம் ஒன்று இருக்கிறதே, அதுதான். கலர் அச்சு என்பது சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளின் கூட்டுக்குடும்பம். உலகத்தில் இருக்கும் அத்தனை பழமும் பறவையும் முகமும் இந்த நால்வரின் கூட்டுறவில்தான் தாளில் உருவாகின்றன. அதில் சயானுக்கு ஒரே வேலை: தாளில் விழும் வெள்ளை வெளிச்சத்திலிருந்து சிவப்பை மட்டும் விழுங்கிவிடும். மிஞ்சிய நீலமும் பச்சையும் கைகோத்துக்கொண்டு நம் கண்ணுக்கு வரும். ஆழமான தண்ணீரும் கனத்த பனிப்பாறையும் செய்வது இதே திருட்டுத்தான். சிவப்பைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நீலப்பச்சையாகச் சிரிக்கின்றன. ஆக, சிவப்பும் சயானும் மாமியார் மருமகள் மாதிரி. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது நிற்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் இந்தக் கதை.

மாப்பிள்ளைக்கு நான் வைத்த பெயர் மயில்துத்தம். பார்க்க என்ன பளபளப்பு, என்ன நீலம்! நாக்கில் வைத்தால் குடலே வெளியே வந்துவிடும். இந்தப் பெயரைக் கேட்டு முதலில் சிரித்தவள் என் தங்கைதான்.

"மெதுவாச் சொல்லுக்கா. அவருக்குக் காது நல்லாக் கேக்கும். கண்ணுதான் அப்படி இப்படி."

கட்டிய பெண்டாட்டிக்குத் தெரிந்தது அச்சகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே அவருடைய கண்ணுக்குத் தனி ராஜ்ஜியம் நடந்தது. வெயிலில் நடந்தால் கண் கெட்டுவிடுமாம். காலை எட்டு மணிக்கே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வீட்டைவிட்டு இறங்குவார். பேருந்துப் படிகூடத் தெரியாமல் இரண்டு தடவை முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். தினம் ஒரு கிலோ கேரட் தின்பார். அரை கிலோ இருக்கலாம். தங்கை வெங்காயம் நறுக்க வேண்டுமென்றால் கொல்லைப்புறம் போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு நறுக்க வேண்டும். ஒரு பிறந்தநாளுக்கு அவள் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கின சிவப்புச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். "வீட்ல சிவப்பு கூடாது. என் கண்ணு கெட்டா குடும்பமே நடுத்தெருவுல" என்று ஒரு காரணம். அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே உருப்படியான விஷயம் அதுதான். சொன்னவருக்கே அதன் அர்த்தம் தெரியவில்லை.

வந்தவர் போனவருக்கெல்லாம் பாடம் நடத்துவார். அச்சகத்துச் சன்னலில் நின்று வானத்தைக் காட்டி, "இது சயான் நாப்பது, மஜெந்தா பத்து" என்பார். பத்து நிமிஷம் கழித்து மேகம் வந்துவிட்டால், வானம் தப்பு செய்துவிட்டது போல முறைப்பார். அவர் முறைத்து நாலு புறா திசை மாறிப் போனதை நானே பார்த்தேன். மூன்று.

மீன்கொத்தியின் சிறகில் நீலச் சாயமே கிடையாது என்று ஒரு நாள் அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். அந்த இறகை அரைத்துப் பொடியாக்கினால் வெறும் பழுப்புத் தூள்தான் மிஞ்சும். இறகுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கடற்பஞ்சு மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது. வெளிச்சம் அதில் மாட்டிக்கொண்டு நீலமாகச் சிதறுகிறது, அவ்வளவுதான்.

"அண்ணி," என்றார் மாப்பிள்ளை, பரிதாபமாகப் பார்த்து, "நீங்க எழுத்தைப் பாருங்க. கால் போட்டிருக்கா, புள்ளி வெச்சிருக்கான்னு பாருங்க. கலரை எங்கிட்ட விடுங்க. மீன்கொத்தி மீன் தின்னுது, மீன் கடல் தண்ணியைக் குடிக்குது. அந்த நீலம் எங்க போகும்?"

அந்த மீன்கொத்தி வாழ்வது குளத்தங்கரையில். இதைக் கேட்டு மைக்காரி மைத்தொட்டிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். முதுகு மட்டும் குலுங்கிற்று.

மைக்காரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு மைகளைக் கலப்பது, தொட்டியில் ஊற்றுவது, மாஸ்டர் "கூட்டு" என்றால் தொட்டியின் திருகைத் தளர்த்தி மையைக் கூட்டுவது, "குறை" என்றால் இறுக்குவது, இதெல்லாம் அவள் வேலை. ஒன்பது வருஷம் மூன்று அச்சகங்களில் தரை கூட்டி, உருளை கழுவி, அப்புறம்தான் இந்தத் தொட்டிப் பக்கம் நிற்க இடம் கிடைத்தது. மையை விரல் நுனியில் தொட்டு, தாளில் ஒரு தட்டுத் தட்டி, சரியா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவள் கேரட் தின்று நான் பார்த்ததில்லை.

அச்சகத்தில் ஒரு விதி உண்டு. மெஷின் முழு வேகத்தில் ஓடுமுன் ஒரு தாளை எடுத்து, வெள்ளை விளக்கு மாட்டிய சாய்வு மேசையில் விரிப்பார்கள். நிறம் சரி என்று மாஸ்டர் அதில் கையெழுத்துப் போடுவார். எழுத்து சரி என்று நான் போடுவேன். இரண்டு கையெழுத்தும் விழுந்த தாளுக்கு ஒப்புத்தாள் என்று பெயர். அப்புறம் ஓடுகிற ஆயிரக்கணக்கான தாள்களும் அதன் பிள்ளைகள். நான் எழுத்தை மட்டும்தான் பார்ப்பேன். படம் என் இலாகா அல்ல.

இன்னொரு விதியும் உண்டு. சாய்வு மேசையின் ஓரத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்று தொங்கும். அழுத்தமான நிறத்தை வெகுநேரம் பார்த்த பிறகு அடுத்த தாளைப் பார்க்குமுன், அந்தச் சாம்பலை ஐந்து நிமிஷம் பார்த்துக் கண்ணை ஆற்ற வேண்டும். நம் கண்ணுக்குள் சிவப்பைப் பார்க்கும் கூட்டம் ஒன்று, பச்சையைப் பார்ப்பது ஒன்று, நீலத்தைப் பார்ப்பது ஒன்று என்று மூன்று கூட்டம் வேலை செய்கிறது. சிவப்பையே முறைத்துக்கொண்டிருந்தால் சிவப்புக் கூட்டம் களைத்து உட்கார்ந்துவிடும். அப்போது வெள்ளைத் தாளைப் பார்த்தாலும் மற்ற இரண்டு கூட்டத்தின் குரல்தான் கேட்கும். அதாவது, இல்லாத சயான் தாளெல்லாம் தெரியும்.

மாப்பிள்ளை அந்தச் சாம்பல் அட்டையால் தேநீர்க் குவளையை மூடி வைப்பார். ஈ விழாமல் இருக்க.

"கண்ணு ஆறணுமாம்! என்ன, சுடுதண்ணியா?" என்பார். அட்டை நடுவில் வட்டம் வட்டமாகத் தேநீர்க் கறை.

இந்த நேரத்தில்தான் ஒரு புத்தகம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான இயற்கைப் புத்தகம். எழுதியவர் உயிரியல் ஆசிரியை ஒருவர். நீலப்பச்சை நிறத்துக்கென்றே பதினாறு பக்கம் ஒதுக்கியிருந்தார். மீன்கொத்தி, பனிப்பாறையின் வெடிப்பு, பவளத்திட்டுக் கடல், குளத்தில் படரும் நீலப்பச்சைப் பாசி. நாம் இன்று மூச்சுவிடுகிறோம் என்றால், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பாசியின் மூதாதைகள் காற்றில் ஆக்சிஜனை விட்டதுதான் ஆரம்பம் என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தப் பாசிமேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. சத்தம் போடாமல் உலகத்துக்கே மூச்சுக் கொடுத்திருக்கிறது. நம் மாப்பிள்ளை ஒரு திருகைத் திருப்பச் சொல்ல ஊரைக் கூட்டுகிறார்.

பதினோராம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. ஒரு பெரிய சிவப்பு வட்டம், பக்கத்தில் வெற்றிடம். 'சிவப்பை நாற்பது எண்ணும் வரை இமைக்காமல் பார். பிறகு வெற்றிடத்தைப் பார். என்ன நிறம் தெரிகிறது?' நான் அதில் ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினேன். மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. படம் பார்ப்பவர் எழுத்தைப் படித்தால் கௌரவம் என்னாவது?

அச்சேறுவதற்கு ஒரு வாரம் முன்பே, நிறம் பார்க்க ஒரு மாதிரித்தாள் போட்டாயிற்று. ஆசிரியை வந்து பார்த்து, மீன்கொத்தி பறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை அதன் பின்பக்கம் தேதியோடு கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து மயில் தோகை விரித்தது மாதிரி இருக்கும். அதன் நிழலில் நாலு பேர் ஒதுங்கலாம்.

புத்தகம் அச்சேறிய அன்று இரண்டு மெஷினும் ஓடின. முதல் மெஷினில் தீத்தடுப்பு அறிவிப்புச் சுவரொட்டி. தாள் முழுக்க ஒரே சிவப்பு, நடுவில் வெள்ளையில் இரண்டு வரி. ஆறு அடி தள்ளி இரண்டாவது மெஷினில் நம் மீன்கொத்தி. மாப்பிள்ளை இரண்டுக்கும் நடுவே ராஜநடை போட்டார். சிவப்பில் புள்ளி விழுகிறதா, திட்டு விழுகிறதா என்று மூக்கு ஒட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பார். அப்படியே திரும்பி மீன்கொத்தித் தாளைப் பார்ப்பார்.

"சயான் தூக்கல்! குறை."

மைக்காரி தாளைப் பார்த்தாள். மாதிரித்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "சரியாத்தான் சார் இருக்கு. மாதிரியோட ஒத்துப் பாருங்களேன்."

"மாதிரி என்ன மாதிரி? என் கண்ணைவிடப் பெரிய மாதிரி இருக்கா? காகிதமே நீலம் பூத்துக் கிடக்கு, உனக்குத் தெரியலையா?"

குறைத்தாள். அவர் போய்ச் சிவப்பைப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னும் தூக்கல்." மறுபடி குறைத்தாள். மறுபடி சிவப்பு. "நான் சொல்றது காதுல ஏறுதா இல்லையா? குறைம்மா!" மூன்றாம் தடவையும் இறுக்கினாள். திருகு அதற்குமேல் இறங்க மறுத்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இது காமாலைகூட இல்லை. காமாலைக்கு மருந்து உண்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் தன் கண்ணின் கோணலைக் காகிதத்தின்மேல் ஏற்றினார். ஒப்புத்தாளில் தோகையை விரித்தார். எட்டாயிரம் தாள் ஓடி முடிந்தது. வேலை முடிந்ததும் வழக்கம்போலத் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டு மைக்காரி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் உலர்ந்த தாள்களைப் பார்த்த முதலாளி போட்ட கூச்சல் ஏழு கடல் தாண்டிக் கேட்டிருக்கும். மாடியில் எனக்குக் கேட்டது. மீன்கொத்தி செங்கல் சூளையில் குளித்துவிட்டு வந்தது போல உட்கார்ந்திருந்தது. பனிப்பாறை வேகாத மாமிசம். பவளக் கடல் ஆறிப்போன தேநீர். உலகத்துக்கே மூச்சுக் கொடுத்த பாசி, துருப்பிடித்த வாளி மாதிரி கிடந்தது.

முதலாளி அறையில் எல்லோரும் கூடினோம். மேசைமேல் பழுப்பு மீன்கொத்தியும் பக்கத்தில் மாதிரித்தாளின் நீல மீன்கொத்தியும். பார்த்தால் ஒன்று மற்றதன் ஆவி போல இருந்தது.

"சயானே இல்லையேய்யா இதுல! யார் வேலை இது?" என்றார் முதலாளி.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "நான் பாஸ் பண்ணும்போது தாள் பிரமாதமா இருந்துச்சு, சார். அப்புறம்தான் என்னமோ நடந்திருக்கு. மை தண்ணி. தீரத் தீரத் தொட்டியில ஊத்துனது யாரு, இவதானே? கலந்ததுல கோளாறு."

மைக்காரியின் முகத்தில் நான்கு நிறமும் போய்விட்டன. "சார், மூணு தடவை குறைக்கச் சொன்னது நீங்கதானே! நான் மாதிரியைக்கூட எடுத்து வெச்சேனே!"

"நானா? நான் எதுக்கும்மா குறைக்கச் சொல்றேன்? இத்தனை வருஷ சர்வீஸ்ல..."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் பூசணித் தோட்டத்தையே மறைத்தார்.

"ஒப்புத்தாளைக் கொண்டா. அது பழுப்பா இருந்தா உன் கண்ணு, நீலமா இருந்தா அவ மை. தீர்ந்துச்சு பிரச்சனை" என்றார் முதலாளி. நியாயமான பேச்சு. தேடினார்கள். அலமாரியைக் கவிழ்த்தார்கள், மெஷினுக்கு அடியில் விளக்கடித்தார்கள். அந்த ஒரு தாளை மட்டும் காணவில்லை. எப்படியோ காணாமல் போயிற்று. மாப்பிள்ளைக்கு உடனே குரலில் கம்பீரம் வந்தது. "அதையும் அவளே கிழிச்சிருப்பா."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மாஸ்டரா, மைக்காரியா என்றால் யார் பக்கம் சாய்வார்? "சாயங்காலம் கணக்கு முடிச்சுட்டுக் கெளம்பும்மா" என்றார். அவளுக்குப் போனது அந்த ஒரு வேலை மட்டுமல்ல. தண்ணீர் மை கலப்பவள் என்று பெயர் வாங்கினவளை எந்த அச்சகமும் தொட்டிப் பக்கம் விடாது. பழையபடி துடைப்பம்தான். அவள் நகக்கண்ணில் இருந்த மையைச் சுரண்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் ஒரு நிமிஷம் கூசிப்போனேன்.

மாலை வரை நேரம் இருந்தது. எனக்குப் பதினோராம் பக்கம் ஞாபகம் வந்தது.

மூன்று மணிக்கு ஒரு சிவப்புச் சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மாதிரித்தாள் இன்னும் மேசைமேல்தான் இருந்தது. அதை எடுத்து, மீன்கொத்தி மட்டும் தெரிகிற மாதிரி மடித்து, என் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அனுப்பினேன். மைக்காரியைக் கதவோரம் நிற்கச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, இந்தச் சுவரொட்டியில ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்காம். வாடிக்கைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கார். எங்க யார் கண்ணுக்கும் தட்டுப்படல. உங்க கண்ணாலதான் ஆகும்."

அப்படி ஒரு புள்ளியும் இல்லை; வாடிக்கைக்காரரும் சொல்லவில்லை. புகழ்ச்சி என்றால் மாப்பிள்ளைக்குக் கேரட் மாதிரி.

"உங்க யாருக்கும் தெரியாதுதான்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டார். ஓரத்திலிருந்து ஓரம், மேலிருந்து கீழ். இமைப்பதுகூட அவமானம் என்கிற மாதிரி. சுவர்க்கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் ஓடிற்று.

"மேல் மூலையில பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தானே இருக்கேன் அண்ணி, அவசரப்படாதீங்க."

"கிடைச்சுதா?"

"கிடைக்கும். என்கிட்டருந்து தப்புமா?"

இல்லாத புள்ளியை அவர் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்ட நேரத்தில், மடித்த மாதிரித்தாளை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். "அதை விடுங்க. மைக்காரி கலந்த மையில எடுத்த தாள் இது. இதைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிருங்க. இது சரின்னா அவ இருக்கட்டும்."

ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "சயான் தூக்கல்!" என்றார். "காகிதமே நீலம் பூத்துக் கிடக்கு. நேத்துத் தண்ணி, இன்னைக்குக் கெட்டி. இவளுக்கு அளவே தெரியல சார். நான் எத்தனை தடவைதான் குறைக்கச் சொல்றது?"

முதலாளி மெதுவாகக் கேட்டார். "எத்தனை தடவை சொன்னீரு?"

முதலாளி தாளை வாங்கிப் பிரித்துத் திருப்பினார். பின்பக்கம் மயில் தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. போன வாரத் தேதி. ஆசிரியையே மயங்கின அதே மாதிரித்தாள்.

"இது நீர் பாஸ் பண்ணதுய்யா."

"வெளிச்சம் சரியில்லை சார்," என்றார் மாப்பிள்ளை. "அந்தச் சன்னல்..."

நான் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தை முதலாளியிடம் நீட்டினேன். அவர் சுவரொட்டியை இழுத்துத் தானும் நாற்பது எண்ணினார். அப்புறம் எதிரே வெள்ளைச் சுவரைப் பார்த்தார். "அட!" என்று பச்சைக் குழந்தை மாதிரி கத்தினார். "சுவரெல்லாம் சயான்!" உடனே கணக்கரைக் கூப்பிட்டு அவரையும் எண்ண வைத்தார். அன்று சாயங்காலம் அச்சகத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை; எல்லோரும் சிவப்பை முறைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைக்காரி வேலையில் இருந்தாள். புத்தகம் மறுபடி அச்சாயிற்று. இந்தத் தடவை மாதிரித்தாளைப் பக்கத்தில் வைத்து அவளே நிறம் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பின்கட்டுக் கிடங்குக்கு மாற்றினார்கள், காகிதக் கட்டுகளை எண்ண. வெள்ளைக் காகிதம், அதில் தப்பாகப் பார்க்க நிறம் ஏதும் இல்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, மாப்பிள்ளை மீசையை மண்ணாலேயே முறுக்கிக்கொண்டார். "இவ்வளவு பெரிய கிடங்கை நம்பி ஒப்படைக்க வேற ஆள் இல்லை" என்று வீட்டில் சொன்னார். சிவப்புக்குப் பின்னால் சயான் தெரியும் என்பதைத் தானே கண்டுபிடித்ததாகவும், முதலாளிக்கு அதை விளக்கிக் காட்டியதாகவும் இன்றுவரை கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை என்னிடமே சொன்னார்.

போன வருஷம் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது, ஒரு கண்ணில். முதுமையில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சள் பூத்துவிடும். அது நீலத்தை உள்ளே விடாது. அதை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தால் நீலமும் நீலப்பச்சையும் வெள்ளமாக வரும். கட்டு அவிழ்த்த அன்றே மாப்பிள்ளை மருத்துவமனையில் ரகளை.

"டாக்டர், சயான் தூக்கலா வெச்சுட்டீங்க. கொஞ்சம் குறைங்க."

அந்தக் கண் மருத்துவர் இளம்பெண். ஒன்றும் புரியாமல் என் தங்கையைப் பார்த்திருக்கிறாள். "அவருக்கு அது பழைய வியாதிம்மா. கண்ணுல இல்லை" என்று தங்கை சொல்லிவிட்டாள். இப்போது அவர் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி வானத்தைப் பார்க்கிறார். அப்புறம் மறு கண்ணை மூடிப் பார்க்கிறார். எந்த வானம் ஒப்புத்தாள் என்று இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தங்கை சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறாள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து.

இதுதான் மயில்துத்தத்தின் வரலாறு. தன் தப்பை ஒப்புக்கொள்ளும் தைரியம் இல்லாத ஆளுக்கு எத்தனை கூர்மையான கண் இருந்து என்ன? அடுத்தவர் வாழ்க்கை பாழாகும் என்று தெரிந்தும் ஒரு கையெழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டிருந்தவரைப் பற்றி இதற்குமேல் எழுத என் பேனாவுக்கே கூச்சமாக இருக்கிறது. கடைசித் தாளை மைக்காரியிடம் நீட்டினேன். அவள் நிதானமாகப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நல்லா இருக்குக்கா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. ஒரே ஒரு இடம்தான் இடிக்குது."

"எது? புறா மூணா நாலான்னா?"

"இல்லக்கா. ஒப்புத்தாள் எப்படியோ காணாமப் போச்சுன்னு எழுதியிருக்கீங்களே. போகல. அது பழுப்பாத்தான் இருந்துச்சு. அதுல ரெண்டு கையெழுத்து. செங்கல் கலர் மீன்கொத்தியைப் பாத்துட்டு, எழுத்து சரின்னு நீங்க போட்டது ரெண்டாவது. முதலாளி கத்துன காலையில, அதை நாலா மடிச்சு உங்க சாப்பாட்டுப் பைக்குள்ள வெச்சீங்க. நான் படியில நின்னு பாத்தேன். அந்தத் தாளை மேசைமேல போட்டிருந்தீங்கன்னா, காலையிலயே நான் தப்பிச்சிருப்பேன்."